வெடிக்காத ரவை செத்த ரவை அல்ல

"டம்" என்று கேட்கவேண்டிய இடத்தில் "டப்" என்று மட்டும் கேட்டது. கையில் உதைப்பும் இல்லை. பிஸ்டலின் மேற்பகுதி பின்னால் போய் வரவும் இல்லை. ரவை வெடிக்கவில்லை என்று நினைத்தேன். பழக்கதோசத்தில் இடது கையால் மேற்பகுதியை இழுத்து அந்த ரவையை வெளியே தள்ளினேன். அடுத்த ரவை அறைக்குள் ஏறியது. விரல் விசைக்குப் போய்க்கொண்டிருந்தபோது என் தோளில் ஒரு கை விழுந்தது.

"நில். கழற்று. குழலைப் பார்," என்றார் தளப் பொறுப்பாளர். எழுபது வயதைத் தாண்டிய சுவிஸ்காரர். அதிகம் பேசாதவர்.

ரவைக்கூட்டை எடுத்து, அறையை வெறுமையாக்கி, பிஸ்டலைக் கழற்றிக் குழலை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மறுபக்கம் தெரியவில்லை. முந்திய ரவையின் சன்னம் குழலின் நடுவில் இறுகிப்போய்க் கிடந்தது. அவர் கை வைக்க இரண்டு விநாடி பிந்தியிருந்தால், அடைபட்ட குழலுக்குள் அடுத்த சன்னத்தையும் அனுப்பியிருப்பேன். குழல் வீங்கும், சிலவேளை வெடிக்கும். அதைப் பிடித்திருப்பது என் கை.

அந்த ரவை கடையில் வாங்கியது அல்ல. என் வீட்டு நிலவறையில், என் கையாலேயே மீள்நிரப்பியது. ஆகவே குறை சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. அன்றிலிருந்து நான் படித்துக்கொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். புலம்பெயர்ந்த நாடுகளில் எங்கள் பிள்ளைகள் சிலர் சூட்டு விளையாட்டுக் கழகங்களில் சேர்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும். துவக்கையே தொடாத ஊர் வாசகருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டம் முதலில்

நான் சுவிற்சர்லாந்துக்கு வந்தது 1998இல். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்த காலத்தில் எனக்கு இங்கே துப்பாக்கி வாங்க உரிமை இருக்கவில்லை. சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதம் வாங்குவதையும் வைத்திருப்பதையும் சுவிஸ் விதிமுறை தடுக்கிறது. அந்தப் பட்டியலில் இலங்கையும் உண்டு. குடியுரிமை கிடைத்த பின்னர்தான் கழகத்தில் சேர்ந்தேன், அனுமதிப் பத்திரம் எடுத்தேன், பிஸ்டல் வாங்கினேன். சுவிஸ் இராணுவம் 'பிஸ்டல் 75' என்று அழைக்கும் சிக் பி 220 அது. ஒன்பது மில்லிமீற்றர்.

இங்கே சொந்தப் பாவனைக்காக ரவைகளை மீள்நிரப்புவதற்குச் சட்டத்தில் இடமுண்டு. எல்லா நாட்டிலும் அப்படியில்லை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமும், 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் இருக்கின்றன. உரிமம் இல்லாமல் ரவையையோ மருந்தையோ வைத்திருப்பதே அங்கு குற்றம். ஆகவே இதை ஒரு விளையாட்டின் பாதுகாப்புப் பாடமாக வாசியுங்கள். மருந்து எவ்வளவு போடுவது என்ற அளவு எதையும் நான் இங்கே தரப்போவதில்லை. அது மருந்து தயாரிப்பாளர் வெளியிடும் கைநூலில் மட்டும் பார்க்கவேண்டிய விடயம்.

ஒரு ரவைக்குள் என்ன இருக்கிறது?

நான்கே பொருட்கள். பித்தளைக் கோது, அதன் வாயில் சன்னம், உள்ளே மருந்து, அடியில் பிரைமர். பிரைமர் என்பது மிளகளவு அகலமுள்ள ஒரு உலோகக் கிண்ணி. பிஸ்டலின் குத்தூசி அதன் முதுகில் அடிக்கும்போது, உள்ளே பூசிய கலவை 'அன்வில்' எனப்படும் சிறு உலோகக் காலில் நசுங்கிப் பொறி விடும். இக்காலப் பிரைமர்களில் பெரும்பாலானவை ஈய ஸ்ரிஃப்னேற் என்ற சேர்மத்தைக் கொண்டவை. பொறி ஒரு சிறு துளையினூடாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். மருந்து எரிந்து வாயுவாகி, சன்னத்தைத் தள்ளும்.

ஒன்பது மில்லிமீற்றர் லூகர் ரவையில் சன்னம் பெரும்பாலும் ஏழரை அல்லது எட்டுக் கிராம். மருந்து அரைக் கிராமுக்கும் குறைவு. அந்த அரைக் கிராம் உண்டாக்கும் அமுக்கத்துக்கு ஐரோப்பிய நியமம் விதித்திருக்கும் உச்சம் 2350 பார். கார் ரயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். ஒரு பிழை எவ்வளவு பெரிய பிழை என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை. இனி?

முதலாவது, ஒன்றும் செய்யாதீர்கள். குழலின் வாய் இலக்குப் பக்கமே இருக்கட்டும். விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு 30 விநாடி எண்ணுங்கள். சில கழகங்களில் ஒரு நிமிடம் என்பது விதி. காரணம், சில ரவைகள் பிந்தி வெடிக்கும். பொறி பலவீனமாக இருந்தால், அல்லது மருந்து ஈரமாக இருந்தால், அடிக்கும் வெடிக்கும் இடையில் ஒரு தாமதம் வரலாம். தரமான புது ரவைகளில் இது மிக அரிது. வந்தாலும் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். ஆனால் அந்த அரிய ஒன்று உங்கள் முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கும்போது வரக்கூடாது.

முப்பது விநாடி முடிந்த பின் ரவைக்கூட்டை எடுங்கள். பிறகு அறையைத் திறந்து ரவையை வெளியே எடுங்கள். உள்ளங்கையால் மூடிப் பிடித்து எடுக்காதீர்கள். வெளியே வந்த ரவையைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு முன்னர் குழலைப் பாருங்கள். அது திறந்திருக்கிறதா என்று உறுதி செய்த பின்னரே மற்றது எல்லாம்.

அடையாளத்தை வாசித்தல்

வெடிக்காத ரவையின் பிரைமரில் குத்தூசி விட்ட பள்ளம் இருக்கும். பக்கத்தில் ஒழுங்காக வெடித்த ஒரு கோதை வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். குற்றம் துப்பாக்கியிலா, ரவையிலா என்பதை அந்தப் பள்ளம் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும்.

பள்ளமே இல்லை என்றால் குத்தூசி அடிக்கவில்லை. ஊசி உடைந்திருக்கலாம், அல்லது ஊசி ஓடும் வழி அழுக்கால் அடைபட்டிருக்கலாம். ஆழம் குறைவான பள்ளம் என்றால் அடி போதாது. அந்த வழியில் பழைய எண்ணெயும் மருந்துப் புகையும் சேர்ந்து களியாகி ஊசியை மெதுவாக்கும், குளிர்காலத்தில் இன்னும் மோசம். விசை மெதுவாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சிலர் மென்மையான சுருள்வில்லைப் போட்டுக்கொள்வார்கள். அதற்கும் விலை இதுதான். இன்னொன்று, ரவை அறைக்குள் முழுமையாகப் போகாமல் மேற்பகுதி ஒரு மயிரளவு திறந்தபடி நின்றிருக்கலாம். அப்போது அடியின் பலத்தில் ஒரு பங்கு ரவையை முன்னுக்குத் தள்ளுவதிலேயே போய்விடும்.

பள்ளம் நன்றாக, ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் ரவையின் மேல். எங்கள் கழகத்தில், முப்பது விநாடி காத்த பின், அதே ரவைக்குப் பொறுப்பாளர் முன்னிலையில் இன்னொரு அடி கொடுத்துப் பார்ப்போம். என்னுடைய பிஸ்டலில் விசையை மீண்டும் இழுத்தாலே அடி விழும். இரண்டாவது அடியில் வெடித்தால் பெரும்பாலும் ஒரே காரணம்: பிரைமர் அதன் குழிக்குள் ஆழமாக இருத்தப்படவில்லை. முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. இரண்டாவது அடிதான் நசுக்கியது. மீள்நிரப்புவோர் செய்யும் பிழைகளில் மிகச் சாதாரணமானது இது.

இரண்டாவது அடிக்கும் அசையவில்லை என்றால் பிரைமர் கெட்டிருக்கலாம், அதன் அன்வில் விழுந்திருக்கலாம், ஈரம் பட்டிருக்கலாம். மூன்றாவது அடி கொடுத்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அந்த ரவை தளத்தின் தனிப் பெட்டிக்குள் போகவேண்டும். காற்சட்டைப் பைக்குள்ளும் இல்லை, குப்பைக் கூடைக்குள்ளும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. நிரப்பி முடித்த ரவையில் பிரைமர் உயர்ந்து நிற்பதைக் கண்டால், அதை அமுக்கி உள்ளே இறக்க முயலாதீர்கள். உள்ளே மருந்தும் முன்னால் சன்னமும் இருக்கின்றன. நீங்கள் அமுக்குவது பொறியை.

சின்னச் சத்தம்தான் பெரிய ஆபத்து

முழுதாக வெடிக்காத ரவை உங்களை நிறுத்திவிடும். என்னை ஏமாற்றியது அரைகுறையாக வெடித்த ரவை. மருந்து போடாத கோதில் பிரைமர் மட்டும் வெடித்தால், அந்தச் சிறு பலமே சன்னத்தைக் கோதிலிருந்து பிடுங்கிக் குழலுக்குள் சொருகப் போதும். வெளியே தள்ளப் போதாது.

காதுமூடி போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது அந்த "டப்" கேட்பது கடினம். சத்தத்தை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். உதைப்பு குறைந்ததா, மேற்பகுதி அசையவில்லையா, இலக்குத் தாளில் துளை இல்லையா, அறையிலிருந்து வழக்கத்துக்கு மாறாகப் புகை வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்துங்கள். நான் வெளியே தள்ளியது வெறும் கோது. குனிந்து அதைப் பார்த்திருந்தாலே சன்னம் எங்கே என்ற கேள்வி வந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

சிக்கிய சன்னத்தை இன்னொரு ரவையால் சுட்டு வெளியேற்றலாம் என்று எவராவது சொன்னால் அந்த ஆளிடமிருந்து விலகி நில்லுங்கள். குழலைக் கழற்றி, குழலைவிட மென்மையான பித்தளைக் கோலால் தட்டி எடுக்கவேண்டும். தெரியாவிட்டால் துப்பாக்கி திருத்துபவரிடம் கொடுக்கவேண்டும்.

அந்த ரவை எப்படி வெறுமையாகப் போனது என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். ஒரு ஞாயிறு இரவு. ஐம்பது கோதுகள் தட்டில். பாதியில் தொலைபேசி அடித்தது, ஊரிலிருந்து அம்மா. "தம்பி, சாப்பிட்டியே?" என்று தொடங்கி இருபது நிமிடம். திரும்பி வந்து, விட்ட இடம் இது என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஒரு கோது தள்ளி நினைத்திருக்கிறேன். அவ்வளவுதான் நடந்தது. மறுபக்கமாகப் பிழை விட்டிருந்தால் ஒரே கோதுக்குள் இரண்டு தடவை மருந்து போயிருக்கும். இந்த அளவுக் கோதில் இரட்டை மருந்து வழியாமல் கொள்ளக்கூடும். அது இன்னும் மோசம்.

இப்போது நிரப்பும் அறையில் தொலைபேசி இல்லை. இடையில் எழும்பவேண்டி வந்தால், தட்டில் உள்ள கோதுகளின் மருந்து முழுவதையும் திரும்பப் போத்தலுக்குள் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. சன்னம் வைப்பதற்கு முன்னர் ஐம்பது கோதுகளையும் விளக்குக்குக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே பார்க்கிறேன். மருந்து எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும்.

முடிந்த ரவையைத் தராசில் வைத்துப் பார்க்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நம்பக்கூடாது. கோது ஏறக்குறைய நான்கு கிராம். ஒரு நிறுவனத்தின் கோதுக்கும் இன்னொன்றினதுக்கும் இடையிலான வித்தியாசமே மருந்தின் நிறையை மறைத்துவிடும். கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

கோது நல்லதா என்று பார்ப்பது எப்படி?

தளத்தில் பொறுக்கிய கோதுகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் மின்னும். எல்லாம் ஒன்றல்ல.

முதலில் காந்தம். இரும்புக் கோதுகள் ஒட்டிக்கொள்ளும், ஒதுக்கிவிடுங்கள். அலுமினியக் கோது ஒட்டாது, ஆனால் நிறம் வேறு, பாரமும் குறைவு. அதையும் ஒதுக்குங்கள். பித்தளை மட்டும் மிஞ்சட்டும்.

பிறகு நீளம். ஒன்பது மில்லிமீற்றர் லூகர் கோதின் உச்ச நீளம் 19.15 மில்லிமீற்றர். அதே தோற்றத்தில் 17.3 மில்லிமீற்றர் உள்ள .380 கோதும், 18.1 மில்லிமீற்றர் உள்ள மகரோவ் கோதும் கலந்து கிடக்கும். அடியில் பொறித்த எழுத்தை வாசியுங்கள். சந்தேகம் வந்தால் வேர்னியர் இடுக்கியால் அளவுங்கள். இந்த வகை ரவை அறைக்குள் தன் வாய் விளிம்பிலேயே தங்கி நிற்கிறது. கட்டையான கோது உள்ளே ஆழமாகப் போய்விடும், குத்தூசியின் அடி சரியாக விழாது.

மூன்றாவது, உள்ளே ஒரு பார்வை. அடியில் நடுவே ஒரே துளை இருந்தால் அது பொக்ஸர் வகை, பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியது வைக்கலாம். இரண்டு சிறு துளைகள் இருந்தால் பேர்டன் வகை. சாதாரண மீள்நிரப்பும் கருவியின் ஊசி அதில் முறியும். பொக்ஸர் ஒரு ஆங்கிலேயர், பேர்டன் ஒரு அமெரிக்கர். 1860களில் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தவை இவை. அமெரிக்கர் கண்டது ஐரோப்பாவிலும், ஆங்கிலேயர் கண்டது அமெரிக்காவிலும் பரவியது ஒரு வேடிக்கை. கோதின் உள்சுவரில் படி ஒன்று தெரிந்தால் அதையும் விடுங்கள். அந்தப் படி உள்ளிடத்தைக் குறைக்கும், கோதையும் அந்த இடத்தில் பலவீனமாக்கும்.

நான்காவது, சத்தம். சந்தையில் மண்சட்டி வாங்கும்போது அம்மா விரலால் தட்டிப் பார்ப்பார். நல்ல சட்டி கணீரென்று பேசும், கீறல் விட்டது மந்தமாகப் பேசும். கோதும் அப்படித்தான். நாலைந்தை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினால், வெடிப்பு விட்ட கோது இருப்பதை அந்தச் செத்த சத்தம் சொல்லும். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்து வாயில் கீறல் உள்ளதைத் தேடி எடுக்கலாம். அடிப்பக்கம் வீங்கிய கோது, ஆழமாக நசுங்கிய கோது, பச்சை பிடித்து அரித்த கோது எல்லாம் பழைய பித்தளைக்குப் போகவேண்டியவை.

ஐந்தாவது, பிரைமர் குழி. புதுப் பிரைமரை இருத்தும்போது கை ஒரு இறுக்கத்தை உணரவேண்டும். எதிர்ப்பே இல்லாமல் நழுவி உள்ளே போனால் குழி தளர்ந்துவிட்டது, அந்தக் கோதின் ஆயுள் முடிந்தது. இராணுவக் கோதுகளில் பிரைமரைச் சுற்றி நெரித்து இறுக்கியிருப்பார்கள். அந்த நெரிப்பை நீக்காமல் புதுப் பிரைமரைத் திணிக்கக்கூடாது. ஒரு கோதை எத்தனை தடவை நிரப்பலாம் என்று பலர் கேட்பார்கள். அதற்கு ஒரு எண் இல்லை. ஒவ்வொரு தடவையும் கோதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கவேண்டும்.

கோது கழுவுவதில் நான் விட்ட பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். தொடக்கத்தில் குத்துவிளக்கு மினுக்கும் திரவத்தையே கோதுக்கும் போட்டேன். பொன்னாக மின்னியது. கழகத்தில் ஒருவர் போத்தலை வாங்கி வாசித்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அதில் அம்மோனியா இருந்தது. பித்தளைக்கு அம்மோனியா எதிரி. பிரித்தானியர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைக் கோதுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாவும், கோது செய்யும்போது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல்தான் விளக்கம் வந்தது. விளக்கு மினுக்குவது விளக்குக்கு மட்டும்.

பழைய பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. கோது கழுவும் தூசு குழந்தைகள் இருக்கும் அறைக்கு வரக்கூடாது. வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவியபின்தான் தேத்தண்ணி.

முடித்த ரவைக்கு நான்கு சோதனைகள்

விரல் நுனியால் பிரைமரைத் தடவிப் பாருங்கள். அது கோதின் அடிமட்டத்துக்குச் சற்றே கீழே இருக்கவேண்டும். மேசையில் ரவையை நிமிர்த்தி வைத்தால் ஆடக்கூடாது.

சன்னத்தின் நுனியை மேசை விளிம்பில் வைத்துப் பெருவிரலால் பலமாக அழுத்துங்கள். முன்னரும் பின்னரும் மொத்த நீளத்தை அளவுங்கள். சன்னம் உள்ளே இறங்கினால் கோது அதை இறுக்கிப் பிடிக்கவில்லை. ரவைக்கூட்டிலிருந்து ஏறும்போதும் இதேபோல் உள்ளே தள்ளுப்படும். உள்ளிடம் குறைந்தால் அமுக்கம் வேகமாக ஏறும். ஒரே ரவையைத் திரும்பத் திரும்ப அறைக்குள் ஏற்றி இறக்குவது கடை ரவைக்கும் கூடாது என்பது இதனால்தான்.

மொத்த நீளம் 29.69 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. கோது வாயின் விட்டம் 9.65ஐத் தாண்டக்கூடாது.

கடைசியாக, கழற்றிய குழலுக்குள் ரவையை விடுங்கள். "டிங்" என்று விழவேண்டும், விரலால் சுற்றினால் சுற்றவேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழவேண்டும். இழுத்து எடுக்கவேண்டியிருந்தால் அந்த ரவை சரியில்லை.

இவற்றோடு ஒரு கொப்பி. தேதி, மருந்தின் தொகுதி எண், பிரைமரின் தொகுதி எண், சுட்டது எத்தனை, தவறியது எத்தனை. நினைவை நம்பினால் கெட்ட ரவைகள் எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வந்தவை என்பது தெரியாமலே போகும். கொப்பியிலும் ஒரு அளவுக்குத்தான் நம்பிக்கை வைக்கலாம். நூறு ரவை சுட்டு ஒன்றும் தவறவில்லை என்றால் தொகுதி பழுதில்லாதது என்று அர்த்தமில்லை. கணக்குப்படி, நூற்றுக்கு மூன்று தவறக்கூடிய ஒரு தொகுதியிலும் முதல் நூறு ரவைகள் தவறாமல் போக இருபதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. முந்நூறு தவறாமல் போனால்தான் அந்த மூன்று ஒன்றாகக் குறையும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ரவையை ஐந்து சுட்டுப் பார்த்துவிட்டு "நல்ல சாமான்" என்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பழைய ரவை

உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் இருந்த ரவை பல பத்தாண்டுகள் கழிந்தும் வெடிக்கும். வெப்பமும் ஈரமும் மாறிமாறிப் பட்டது எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. மருந்துப் போத்தலைத் திறந்ததும் புளித்த, மூக்கைக் குத்தும் மணம் வந்தால், செந்தவிட்டு நிறத் தூசு தெரிந்தால், மருந்து சிதையத் தொடங்கிவிட்டது. அதைப் பாவிக்கவும் கூடாது, வீட்டுக்குள் வைத்திருக்கவும் கூடாது.

பிரைமரைக் கொல்ல எண்ணெய் விட்டால் போதும், தண்ணீரில் போட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஈரமாக இருக்கும்வரை சும்மா கிடக்கும். காய்ந்தபின் மீண்டும் வெடித்த பிரைமர்கள் உண்டு.

இந்தக் கடைசி வரியை எழுதும்போது எனக்கு 1990ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. எனக்குப் பதினொரு வயது. கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த காலம். நாங்கள் பொடியன்கள் வெறுங்கோதுகளைப் பொறுக்கி விசில் ஊதுவோம். யாரிடம் அதிகம் என்று போட்டி. கோதோடு கோதாக முழு ரவைகளும் வரும். பிரைமரில் பள்ளம் விழுந்து, பச்சை பிடித்துக் கிடந்தவற்றை "செத்த ரவை" என்று சொல்லுவோம். பள்ளம் இருந்தால் அடி வாங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்யாது என்பது எங்கள் விஞ்ஞானம். என்னோடு படித்த ஒருவன் அப்படியொரு செத்த ரவையைக் கல்லில் வைத்துத் தட்டினான். அவனுக்கு இப்போதும் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவன் செய்ததுதான் இரண்டாவது அடி. அதை விளங்கிக்கொள்ள எனக்கு இருபது வருடத்துக்கு மேல் பிடித்தது, வேறொரு நாட்டில், சுடுதளம் ஒன்றில்.

ஆகவே ஊர் வாசகருக்கு. வன்னியில், யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில், கிணறு தோண்டும்போதும் அத்திவாரம் வெட்டும்போதும் ரவைகள் இன்னும் வருகின்றன. மண்ணுக்குள் பல வருடம் கிடந்தது, துருப்பிடித்தது, நனைந்தது, அடி வாங்கியது, ஆகவே செத்தது என்று நினைக்காதீர்கள். அது இன்னும் முடிவெடுக்கவில்லை, அவ்வளவுதான். தட்டாதீர்கள், கழற்றாதீர்கள், பித்தளைக்காக வெட்டாதீர்கள், பழைய இரும்போடு விற்காதீர்கள். குப்பையோடு எரிக்கவே வேண்டாம். நெருப்பில் வெடிக்கும் ரவையில், பாரமான சன்னத்தைவிடக் கிழிந்த கோதின் துண்டுகளே வேகமாகப் பறக்கும். ஒரு கண்ணுக்கு அது போதும். இடத்தை அடையாளமிட்டு, பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, 119க்கோ அருகிலுள்ள பொலிஸுக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ சொல்லுங்கள். சின்ன ரவைதானே என்று தூக்கிக்கொண்டு நீங்களே பொலிஸுக்குப் போகவும் வேண்டாம்.

பயிர் காக்க உரிமத்தோடு வேட்டைத் துவக்கு வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் அதே முப்பது விநாடிதான். மாரியில் நனைந்த தோட்டா வெடிக்காவிட்டால் குழலை ஆளில்லாத பக்கம் வைத்துக் காத்திருங்கள். உடனே மடித்துத் திறந்து பார்க்காதீர்கள். திறந்தபின் அடுத்த தோட்டாவை வைக்க முன்னர் குழலினூடாக மறுபக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

குழலில் சிக்கிய அந்தச் சன்னத்தைத் தளப் பொறுப்பாளர் பித்தளைக் கோலால் தட்டி எடுத்து என் கையில் தந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். "என்னிடம் எதற்கு? உன் விரல்களிடம் கேள்," என்றார். அந்தச் சன்னம் இப்போதும் நிரப்பும் மேசையில், விளக்குக்குக் கீழே இருக்கிறது. ஒவ்வொரு ஐம்பது கோதுக்கும் உள்ளே பார்க்கும்போது அதுவும் கண்ணில் படும்.